வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் கல்லூரித் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் எத்தனை வாங்க வேண்டும் என்றுதான். ஆறரை இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும் என்று சொல்லிவிட்டு நான் ஒரு கேள்வி கேட்பேன். "உங்க வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?" பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "அப்பாவைக் கேக்கணும்க்கா" என்பார்கள். கேட்டுவிட்டு வருகிறவர்களிடம்தான் மேற்கொண்டு பேசுவேன்.

எனக்கு ஊர் கரூர். அப்பா பத்துத் தறி போட்ட பட்டறை வைத்திருக்கிறார். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார். 2022இல் ஈஈஈ முடித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அடுத்த வருஷம் ஆகஸ்டில், எம்.எஸ். படிக்க ஜெர்மனி போவது என்று முடிவு செய்தேன். பெரிய கனவெல்லாம் இல்லை, காசுக் கணக்குத்தான். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. எல்லாவற்றிலும் அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் இருக்கிற பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து, புதிதாகச் சேருகிறவர்களிடம் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. யூடியூபில் "ஜெர்மனியில் எல்லாம் இலவசம்" என்று பேசும் பழைய வீடியோக்களை நம்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் எல்லாரையும் போல ஒரு கன்சல்டன்சிக்குத்தான் போனேன். காபி கொடுத்தார்கள், "எங்க சர்வீஸ் ஃப்ரீ மேடம்" என்றார்கள். அரை மணி நேரத்தில் மூன்று காலேஜ் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றும் தனியார், வருஷத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல். அரசுப் பல்கலைக்கழகம் எதுவுமே இல்லையே என்று கேட்டதற்கு, "உங்க சிஜிபிஏக்கு அங்கெல்லாம் கஷ்டம்" என்று முடித்துவிட்டார்கள். தனியார் காலேஜில் சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு, அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு காசு கிடையாது. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. டாட் என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் எல்லாப் படிப்புகளும் இருக்கின்றன, ஆங்கிலத்தில் நடக்கிற படிப்புகளைத் தனியாகப் பிரித்தும் பார்க்கலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும்.

என் சிஜிபிஏ 7.6. ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ்: 1 என்றால் உச்சம், 4 என்றால் வெறும் பாஸ். நம் மார்க்கை அவர்கள் மாற்றும் கணக்கு எளிது. அதிகபட்சத்திலிருந்து நம் மார்க்கைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 7.6, பாஸ் ஐந்து என்று வைத்தால் 2.44 வரும். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏழரைல இருந்து ரெண்டரைக்கு எறங்கிட்டியா கண்ணு?" என்று பதறிப்போனார். 2.5க்குள் இருந்தால் பல கதவுகள் திறக்கும் என்று புரியவைக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். யூனி அசிஸ்ட் என்று ஒரு பொது அமைப்பு, பல பல்கலைக்கழகங்களுக்காக நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. நான்கு இடங்களில் நிராகரித்தார்கள். அதில் இரண்டுக்குக் காரணம் மார்க் அல்ல, பாடம். நான் கேட்ட எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்க இத்தனை கிரெடிட் கணினி நிரலாக்கம், இத்தனை கிரெடிட் கணிதம் என்று அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நான் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பாடவாரி மதிப்பெண் பட்டியலை மட்டும் அனுப்பியிருந்தேன். அதில் இருக்கும் பாடத் தலைப்பை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன படித்தேன் என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒவ்வொரு பாடத்துக்கும் யூனிட் வாரியாக என்ன இருந்தது, எத்தனை மணி நேரம், லேப் இருந்ததா என்று சிலபஸிலிருந்து எடுத்துத் தொகுத்து, கல்லூரியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாவது நிராகரிப்புக்குப் பிறகுதான் செய்தேன். அதன்பின் அனுப்பிய இரண்டு இடமும் கிடைத்தன. அதில் ஒன்று கெம்னிட்ஸ்.

ஆங்கில எழுத்துகளைப் பார்த்து எங்கள் வீட்டில் இன்னும் "செம்னிட்ஸ்" என்றுதான் சொல்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தில் உள்ள ஊர். 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். ஊர் நடுவே ஏழு மீட்டர் உயரத்தில் மார்க்ஸின் தலை மட்டும் சிலையாக நிற்கிறது. பெர்லின், மியூனிக் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த ஊர் பிடிக்காது. வாடகை கட்டப்போகிறவர்களுக்குப் பிடிக்கும்.

இனி பேப்பர் கதை. முதலில் ஏபிஎஸ். நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் இருக்கும் ஓர் அலுவலகம் பார்த்துச் சான்று கொடுக்கும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு இது இல்லாமல் மாணவர் விசா கிடையாது. கட்டணம் 18,000 ரூபாய். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை எல்லாம் வேண்டும். அங்கேதான் என் பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது.

தமிழர்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. ஆதாரில் அதே எழுத்து முன்னால். டிகிரியில் பின்னால், புள்ளி இல்லாமல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுதுவார்கள், அதனால் அப்பாவின் முழுப் பெயர் என் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் இதையெல்லாம் ஒருத்தரும் கேள்வி கேட்டதில்லை. பார்த்தாலே தெரியும் என்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. அவர்களுக்கு இது நான்கு வெவ்வேறு ஆள்.

இரண்டு காரியம் செய்தேன். எல்லாப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் எழுதி, நான்கு பிரதி வாங்கிவைத்தேன். அதற்கப்புறம் புதிதாகப் போட்ட ஒவ்வொன்றிலும், ஐஇஎல்டிஎஸ், பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கி, விமான டிக்கெட் எதுவானாலும், பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டேன். என் தோழி ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ஒவ்வொரு ஆன்லைன் படிவமும் அந்தக் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு நின்றுவிடும். ஓரிடத்தில் புள்ளி, ஓரிடத்தில் பெயரையே இரண்டு தடவை என்று அவள் பட்ட பாடு பெரும் பாடு. பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். (வந்த புதிதில் இங்கே ஒரு டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் ஒரு அம்மா மூன்று தடவை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரோ ஆண் நோயாளி போல என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன்.)

பத்திரத்துக்கு வருகிறேன். 2024 மே மாதம், அட்மிஷன் வரும்போல இருக்கிறது என்றதும் அப்பாவும் நானும் கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனோம். பன்னிரண்டு லட்சம் வேண்டும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் வேண்டும் என்றார் மேனேஜர். அப்பா தெம்பாக, "வீடு இருக்குதுங்க" என்றார். மறுநாள் பீரோவிலிருந்து மஞ்சள் பையை எடுத்துப் பிரித்தால், பத்திரம் தாத்தா பெயரில். பட்டாவும் தாத்தா பெயரில். தாத்தா இறந்து பதினைந்து வருஷம். நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு, வரி கட்டுவது அப்பா, ஓடு மாற்றியது அப்பா. காகிதத்தில் மட்டும் அது அப்பாவுக்கும், திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கும், சேலத்தில் கட்டிக்கொடுத்த அத்தைக்கும் பொது.

முதலில் வாரிசுச் சான்றிதழ். அதற்குத் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அதில் அவர் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தது வேறு கதை. பிறகு வில்லங்கச் சான்று. பிறகு சித்தப்பாவும் அத்தையும் தங்கள் பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். அதன்மேல் பட்டா மாற்றம். அதற்கப்புறம்தான் வங்கி வக்கீலின் லீகல் ஒப்பீனியன், இன்ஜினியரின் மதிப்பீடு.

பேப்பரைவிட ஆட்களிடம் பேசுவதுதான் கடினம். அப்பா அத்தையிடம் போனில் இதைக் கேட்கவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். சித்தப்பா, "இத்தனை வருஷம் இல்லாத அவசரம் இப்ப எதுக்குங்கண்ணா" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். நியாயமான கேள்விதான். நேரில் போய்க் கடன் படிவத்தையே காட்டினோம். ஜூலை கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லாரும் கூடினோம். கைரேகை வைக்கும் முன்னால் அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "இதுல வெச்சுட்டா நான் பொங்கலுக்கு வரக்கூடாதுன்னு ஆயிராதில்லண்ணா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சாப்பாடு ஹோட்டலில்தான், பில்லை அத்தைதான் கொடுத்தார்.

கடன் ஆகஸ்ட் நடுவில் சாங்ஷன் ஆனது. அதற்குள் என்ன நடந்துவிட்டது என்பதைச் சொன்னால்தான் நான் ஏன் பத்திரத்தைப் பற்றி இவ்வளவு புலம்புகிறேன் என்று தெரியும். ஜெர்மன் விசாவுக்கு ஒரு வருஷச் செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒரு பிளாக்டு அக்கவுன்ட்டில் போட்டுக் காட்ட வேண்டும்; போன பிறகு மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு நம் கைக்கு வரும். எனக்கு ஜூலை 18ஆம் தேதி விசா அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருந்தது. காட்டப் பணம் இல்லை, கடன் வரவில்லை. அந்தத் தேதியை விட்டேன். அடுத்து கிடைத்தது செப்டம்பர் 9. ஆகஸ்ட் கடைசி வாரம் பணம் வந்ததும் அப்போதைய தொகையான 11,208 யூரோவை அனுப்பிவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். செப்டம்பர் 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது 11,904 யூரோ என்று மாறியிருந்ததை சீனியர் அக்கா ஒருத்தர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாதம் 934 என்பது 992 ஆகியிருந்தது. 696 யூரோ குறைகிறது. கிட்டத்தட்ட அறுபத்தைந்தாயிரம் ரூபாய், நான்கு நாளில். அம்மா ஏலச்சீட்டை எடுத்தார். அவசரத்துக்கு எடுத்ததால் தள்ளு நிறையப் போய்விட்டது. தாத்தா பெயரில் கிடந்த ஒரு பத்திரம் கடைசியில் அம்மாவின் சீட்டுவரைக்கும் வந்து இடித்தது.

பணம் அனுப்புவதில் இன்னொரு நுணுக்கம். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் என்று ஒரு வரிப் பிடித்தம் உண்டு. நான் அனுப்பிய 2024இல் ஏழு லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்குத்தான் பிடிப்பார்கள்: படிப்புக்கென்று கடனிலிருந்து போனால் அரை சதவீதம், சொந்தப் பணமாக இருந்தால் ஐந்து, குடும்பப் பராமரிப்பு போன்ற வேறு காரணம் என்றால் இருபது. வங்கியில் கொடுத்த ஏ2 படிவத்தில், செலவுப் பணம்தானே என்று நான் பாட்டுக்குப் பராமரிப்பு என்று குறித்துவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த அக்கா பார்த்துவிட்டு, "அறுபதாயிரத்த சும்மா தூக்கிக் கொடுக்கப் போறியா?" என்று கேட்டு, நான் குறித்ததை அடித்துவிட்டு, படிப்புக்கான எஸ்0305 என்ற குறியீட்டை எழுதினார். என் கணக்கில் அது ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தோடு நின்றது. பிடித்ததை வருமான வரித் தாக்கலில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றாலும் கையை விட்டுப் போகிற நேரத்தில் அது பெரிய தொகை. 2025 ஏப்ரலிலிருந்து வரம்பு பத்து லட்சமாகிவிட்டது, வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தமே இல்லை. எதற்கும் உங்கள் பெயரில் பான் கார்டு எடுத்துவிடுங்கள்.

விசா நேர்காணலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏன் ஜெர்மனி, ஏன் இந்தப் படிப்பு, முதல் செமஸ்டரில் என்னென்ன பாடம், வேலையை ஏன் விட்டீர்கள். ஏன் படிக்கப் போகிறோம் என்று விளக்கி எழுதும் எஸ்ஓபியை நானே எழுதியிருந்ததால் தடுமாறவில்லை. பக்கத்துக் கவுன்ட்டரில் ஒரு பையன் தன்னுடைய எஸ்ஓபியில் இருந்த ஒரு பாடத்தின் பெயரையே சொல்லத் தெரியாமல் நின்றான். ஐந்து வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது. அப்போது அக்டோபர் பாதி கடந்துவிட்டது, வகுப்பு தொடங்கியாயிற்று. தாமதமாகும் என்று செப்டம்பரிலேயே பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு மெயில் போட்டு, எந்தத் தேதி வரை சேரலாம் என்று எழுத்தில் வாங்கியிருந்தேன். அந்த ஒரு மெயில்தான் காப்பாற்றியது. 2025 முதல் விசா விண்ணப்பத்தையே இணையத்தில் போடும் வழி வந்துவிட்டது, அதனால் என் தேதிகளை வைத்துக் கணக்குப் போடாமல், நீங்கள் விண்ணப்பிக்கும்போது இருக்கிற விதியைத் தூதரகப் பக்கத்திலேயே பாருங்கள்.

மூட்டை கட்டுவது பற்றி ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். நான் சொல்வது கொஞ்சம்தான். குக்கர் எடுத்துப் போங்கள், அடி தட்டையாக இருக்கட்டும். இங்கே கேஸ் அடுப்பு அபூர்வம். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு ஜோடி செய்துகொள்ளுங்கள். பல் வலி ஏதாவது இருந்தால் ஊரிலேயே பார்த்துவிடுங்கள். மிளகாய்ப் பொடி, புளி, பருப்புப் பொடிக்குத் தடையில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். அம்மா உருக்கி வைத்த ஒரு கிலோ நெய்யைக் கடைசி நாள் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது நடந்த சண்டை, விசாவுக்கு நடந்ததைவிடப் பெரியது. குளிர் கோட்டை ஊரில் வாங்காதீர்கள். நம் ஊர்க் கடைக்காரருக்கு மைனஸ் பத்து என்றால் என்னவென்று தெரியாது, பாவம். அசல் சான்றிதழ் எல்லாம் கைப்பையில்.

எந்தக் கிழமை போய் இறங்குகிறோம் என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. டிக்கெட் விலை குறைவு என்று சனிக்கிழமை நள்ளிரவு சென்னையில் ஏறி, ஞாயிறு காலை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினேன். லைப்சிக் வரை ஒரு ரயில், அங்கிருந்து கெம்னிட்ஸுக்கு ஒரு மணி நேர ரயில். மதியம் போய்ச் சேர்ந்தால் ஊரே அடைத்துக் கிடக்கிறது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் திறக்காது. ஹாஸ்டல் சாவி தருகிற அலுவலகமும் திங்கள்தான். நாற்பத்தாறு கிலோ மூட்டையோடு ஸ்டேஷன் வாசலில் நின்று அந்த சீனியர் அக்காவுக்குப் போன் போட்டேன். திண்டுக்கல்காரர், முன்பின் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் வந்தார். "எல்லாரும் ஞாயித்துக்கிழமையே வந்து எறங்குங்க" என்று திட்டிக்கொண்டே ஒரு பெட்டியை இழுத்தார். செவ்வாய், புதன் காலையில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

வந்த பிறகும் அதே பேப்பர் சங்கிலி, இந்த முறை ஜெர்மன் மொழியில். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் நான் போன வங்கியில் கணக்கு திறக்கவில்லை. கணக்கு எண் இல்லாமல் பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து பணம் வராது. இது முடிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாம் ஃபாரக்ஸ் கார்டில் கொண்டுவந்த ஆயிரத்து இருநூறு யூரோவில்தான். கணக்கில் பன்னிரண்டாயிரம் யூரோ இருக்கிறது, கடையில் ஒரு முட்டைக்கோஸை விலை பார்த்து வைத்துவிட்டு வருகிறோம். பிளாக்டு அக்கவுன்ட் தொகை போக, ஆயிரம் யூரோவாவது தனியாக வேண்டும் என்பதைக் கடன் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் மாதம் ரேடியோ, டிவி கட்டணம் என்று ஒரு கடிதம் வந்தது. என்னிடம் டிவியே இல்லை, ஏதோ ஏமாற்று வேலை என்று குப்பையில் போட்டேன். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியே ஆக வேண்டும், கட்டாவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டுவிடலாம். இந்த ஊரில் தபாலில் வருகிற எதையும் படிக்காமல் போடக் கூடாது.

மொழியைப் பற்றி ஒன்று. சென்னையில் இருந்தபோது நுங்கம்பாக்கம் மேக்ஸ்முல்லர் பவனில் வார இறுதி வகுப்பில் ஜெர்மனில் ஏ1 என்ற ஆரம்ப நிலையை முடித்தேன், படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று அதோடு விட்டுவிட்டேன். அது தப்பு. இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அந்நிய மொழி ரஷ்யன். ஆங்கிலம் பேச மாட்டார்கள். பகுதி நேர வேலைக்கும் ஜெர்மன் கேட்கிறார்கள். மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது, வேலை கிடைக்க வேண்டுமே! எனக்கு ஐந்தாவது மாதம்தான் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை கிடைத்தது. அப்போதைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. வந்த மாதமே வேலை பார்த்துக் கடன் வட்டியைக் கட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தால், தயவுசெய்து அதைத் திருத்திவிட்டு வாருங்கள். மாதம் 992 யூரோ கெம்னிட்ஸில் வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு போக கொஞ்சம் மிஞ்சும். மியூனிக்கில் இருக்கும் என் வகுப்புத் தோழனுக்கு அறை வாடகையே பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

டிசம்பரில் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். இரண்டு வாரம் எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, வெளியே போனால் போதும் என்று இங்கே இருக்கிற தொழில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நம் கோயம்புத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிற மாதிரி இந்த ஊரை சாக்சனியின் மான்செஸ்டர் என்பார்களாம். விண்ணப்பம் போட்டபோது எனக்கு அது தெரியாது. உள்ளே நூற்பு எந்திரம், தறி என்று வரிசையாக நிற்கின்றன. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். பட்டறையில் இருந்தார், பின்னால் தறிச் சத்தம். ஒரு தறி முன்னால் நின்று காட்டியதும், "கொஞ்சம் கிட்டப் போ... பாவு காட்டு... இப்ப அச்சுப் பக்கம்" என்று என்னை அரை மணி நேரம் நடக்க வைத்தார். வாசலில் இருந்த காவலாளித் தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் போட்டு நல்லாத்தான் வெச்சிருக்கறாங்க" என்றார் அப்பா. பிறகு தறியை நிறுத்தும் சத்தம் கேட்டது. "ஏங்கண்ணு, இத இங்க கொண்டாரணும்னா எத்தன பேப்பர் கேப்பாங்க?"